கூண்டு வண்டியும் கண்ணீர்த்துளியும்

1929. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர். கிருமிகளை ஆராயும் விஞ்ஞானி. மருந்து கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். தச்சு வேலைக்கும் அவருக்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது.

மனைவி, பிள்ளைகளோடு காட்டுப்பக்கம் போய் நாலு நாள் தங்கிவரலாம் என்று ஆசைப்பட்டார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற மடக்குக் கூடாரம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். சில நிமிஷங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஷெர்மன் இழுக்கிறார், மடக்குகிறார், முட்டுக் கொடுக்கிறார். கூடாரம் மசியவில்லை. குடும்பமே தொப்பலாக நனைந்து நின்றது.

வேறு யாராவதாக இருந்தால் கடைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஷெர்மன் வீட்டுக்குப் போய்ப் பென்சில் எடுத்தார். மடக்கவே வேண்டாத, சுவரும் கூரையும் உள்ள ஒரு பெட்டி. உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்பு. ஒரு தச்சரைப் பிடித்துக் கட்டியும்விட்டார். பார்க்க அழகாக இல்லை. ஆனால், நனையவில்லை. அதைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் கிண்டலாக ஒரு பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பெயரையே பிறகு தன் கம்பெனிக்கும் வைத்துக்கொண்டார் ஷெர்மன். 1930-ன் தொடக்கத்தில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். சில வருஷங்களிலேயே அமெரிக்காவில் இந்த வகை வண்டி செய்கிறவர்களில் பெரிய ஆளாகிவிட்டார்.

அது என்ன பெயர்? ‘கவர்ட் வேகன்’. நம்மூர்ப் பாஷையில் சொன்னால்... கூண்டு வண்டி!

கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால், ‘இதுக்கு எதுக்குங்க அமெரிக்கா வரைக்கும் போகோணும்? எங்க தாத்தன் வூட்டுலயே ரெண்டு நின்னுச்சுங்களே!’ என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

*

ஷெர்மன் ஆரம்பித்துவைத்த காலத்திலேயே இன்னொரு குட்டி வண்டியும் அங்கே பிறந்தது. முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் சரிவாக இறங்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் படுக்கவைத்த ஒரு சொட்டுக் கண்ணீர் மாதிரி இருக்கும். அதனால் ‘டியர்டிராப்’, கண்ணீர்த்துளி என்றே பெயர். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு அந்த வடிவம் தோது. சின்னக் கார்கூட இழுத்துவிடும்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். சமையலறை எங்கே என்கிறீர்களா? வண்டியின் பின்பக்கக் கதவைக் கார் டிக்கி மாதிரி மேலே தூக்கினால், அடுப்பும் பாத்திரமும் அங்கே இருக்கும். வெளியே நின்றபடி சமைக்க வேண்டியது. தூக்கிய கதவே தலைக்கு மேல் நிழல். பலகைகளின் அளவுக்கு ஏற்பவே பல வண்டிகள் 8 அடி நீளம், 4 அடி அகலம் என்று அமைந்தன. ஒரு முழு பிளைவுட் ஷீட்டின் அளவு அது. இன்றைக்கும் நம்மூர் மரக்கடையில் ‘எட்டுக்கு நாலு’ என்று கேட்டால் எடுத்துத் தருகிறார்களே, அதேதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இதற்கு யோகம் அடித்தது. போருக்காகச் செய்து மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்தன. 1947-ல் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகை இந்த வண்டியைக் கட்டும் வரைபடத்தையே வெளியிட்டது. வீட்டுக் கொட்டகையில் அப்பா அறுக்க, பையன் பலகையைப் பிடித்துக்கொள்ள, அம்மா மெத்தையும் திரையும் தைக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வளர்ந்தது. கடையில் வாங்க முடியாதவர்களின் வண்டி அது.

*

இப்போது கொங்கு நாட்டுக்கு வருவோம்.

தைப்பூசம். கோவையிலிருந்து பழனிக்குப் போக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். மாடு மணிக்கு மூன்று, நாலு கிலோமீட்டர் நடக்கும். நடுவில் தண்ணி காட்ட வேண்டும், வெயிலில் நிறுத்த வேண்டும். ஆக, போகவே மூன்று நாலு நாள். அத்தனை இரவும் குடும்பம் எங்கே படுக்கும்? வண்டியில்தான்.

கூண்டு வண்டியின் மேல்பகுதி, மூங்கிலை வளைத்துக் கட்டி அதன்மேல் பாய் போர்த்தியது. கண்ணீர்த்துளி வண்டியில் மரச்சட்டத்தின் மேல் தகட்டை வளைத்து மூடுகிறார்களே, வித்தை ஒன்றுதான், பொருள்தான் வேறு. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே பவானி ஜமுக்காளம் விரித்தால் மெத்தை ரெடி. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அந்த வைக்கோல் மாட்டுக்கும் தீனி. பயணம் நீள நீள மெத்தை இளைத்துக்கொண்டே வரும்! வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். கட்டுச்சோற்று மூட்டை ஒரு மூலையில். ராத்திரி புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, நுகத்துக்கு முட்டுக் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்துவார்கள். பெண்களும் குழந்தைகளும் உள்ளே. ஆண்கள் வண்டிக்கடியில்.

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும், சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் இப்படித்தான் போனார்கள். நாள் கணக்கில் தங்கினார்கள். காங்கேயம் காளை பூட்டிய சவாரி வண்டி வாசலில் நின்றால் அந்த வீட்டின் மதிப்பே வேறு.

இந்த வண்டியை எந்தக் கம்பெனியிலும் வாங்க முடியாது. தோட்டத்தில் நின்ற வேல மரத்தை வெட்டி, காயப்போட்டு, ஆசாரியைக் கூப்பிடுவார்கள். அவர் குடம் கடைவார், ஆரக்கால் செதுக்குவார், வட்டை கூட்டுவார். கடைசியில் இரும்புப் பட்டா போடுகிற நாள் இருக்கிறதே, அது திருவிழா மாதிரி.

பட்டாவின் வளையத்தைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகவே அடித்திருப்பார்கள். அதைத் தரையில் வைத்து, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். பழுக்கக் காய்ந்ததும் இரும்பு விரியும். நாலைந்து பேர் குறடு பிடித்துத் தூக்கி, மரச் சக்கரத்தின்மேல் இறக்கி, அடித்து உட்காரவைக்க வேண்டும். மரம் புகையும், தீயே பிடிக்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும். சுருங்குகிற சுருங்கலில் ஆரக்கால், வட்டை, குடம் எல்லாம் ‘நறநற’வென்று ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். ஆணியும் பசையும் தர முடியாத இறுக்கம் அது.

கவனியுங்கள், இந்த வேலையை ஆசாரியும் கொல்லரும் மட்டும் செய்துவிட முடியாது. வரட்டி சுமக்கப் பிள்ளைகள் வேண்டும். தண்ணீர் இறைத்துத் தரப் பெண்கள் வேண்டும். குறடு பிடிக்கப் பங்காளி, மாமன், மச்சான் எல்லாரும் வேண்டும். ஒரு வீட்டு வண்டிக்குப் பத்துப் பேரின் கை பட்டிருக்கும். ரிப்பேர் என்று வந்தாலும் எது எங்கே பூட்டியிருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு சங்கதி. டிரெய்லர் கட்டுகிறவர்களுக்கு அமெரிக்காவில் முதலில் சொல்லித்தரும் பாடம், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது காரின் கொக்கிமேல் அழுந்த வேண்டும் என்பது. பின்பக்கம் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், காரையே புரட்டிவிடும். நம் வண்டிக்காரருக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை. முன்பாரமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் ஏற்றத்தில் ‘முன்னால தள்ளி உட்காருங்க’ என்பார். இறக்கத்தில் ‘பின்னால போங்க’ என்பார். எல்லாரும் சொன்னபடி நகர்வார்கள். வண்டியில் ஏறிய பாட்டிக்கும் பேரனுக்கும்கூடத் தெரிந்த விஞ்ஞானம் அது.

*

இந்தப் பழனி சாலையில்தான் 1920-ல் ஒரு பஸ் ஓட ஆரம்பித்தது. பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு. ஓட்டியவர், கலங்கல் கிராமத்துக்காரர் ஜி.டி.நாயுடு. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப்போட்டு, மறுபடி மாட்டித்தான் மோட்டார் தொழிலையே அவர் கற்றுக்கொண்டார் என்பது கோவையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஒரு பஸ், பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

நாள் கணக்கில் போன பயணம் சில மணி நேரத்தில் முடிந்தால், வண்டியில் படுக்கை எதற்கு? கட்டுச்சோறு எதற்கு? கூண்டு வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டகைக்குள் போய்விட்டது.

ஆனால், கட்டிய கைகள் போகவில்லை. அவை பட்டறைக்கு மாறின. நாமக்கல்லில் லாரிக்கு ‘பாடி’ கட்டினார்கள். கரூரில் பஸ்ஸுக்குக் கட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கூரை கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் வெயிலிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவார். தச்சரும் வெல்டரும் பெயின்டரும் சேர்ந்து அதை வண்டியாக்குவார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் படுக்கை, சாமி படத்துக்கு மாடம், டிபன் வைக்கப் பெட்டி. பாதி வண்டி, பாதி வீடு.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்னும் ஒரு படி மேலே. ஆழ்துளைக் கிணறு போட மாசக்கணக்கில் வடநாடு முழுக்கச் சுற்றுகிறவர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே அடுப்பு மூட்டி, லாரியிலேயே படுத்து எழுகிறார்கள். கேரவன் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

அதே நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூரிலிருந்து வந்தவர்தான் அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர். சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளின் வீடுகளை ஆராய்ந்தவர், சின்ன இடத்தில் எத்தனை வசதி செய்யலாம் என்று செய்தே காட்ட நினைத்தார். ஒரு பழைய ஆட்டோவை எடுத்தார். அதன்மேல் 36 சதுர அடியில் ஒரு வீடு கட்டினார். படுக்கை, சமையலறை, கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரிய மின்தகடு, மேலே உட்கார மொட்டைமாடி. ஆறு போல்ட்டைக் கழற்றினால் வீடு தனி, ஆட்டோ தனி. பழைய பஸ், இடித்த கட்டடம் என்று கிடைத்த பொருட்களை வைத்தே செய்ததில் செலவு சுமார் ஒரு லட்ச ரூபாய். ‘சோலோ 01’ என்று பெயர். 2021 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டி ட்விட்டரில் எழுத, நாடு முழுக்கப் பேசப்பட்டது.

*

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு, நாமும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கண்ணீர்த்துளி கட்டலாம் என்று உங்களுக்கு ஆசை வருகிறதா? கோவையில் இருப்பவருக்கு அது பெரிய காரியமே இல்லை. பிளைவுட், அலுமினியத் தகடு, அச்சு, வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை எல்லாம் கூப்பிடு தூரத்தில். கட்டிவிடலாம். ரோட்டில் இழுத்துக்கொண்டு போக முடியுமா என்பதுதான் கேள்வி.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், பாடி கட்டாத வெறும் சேஸிஸையும் டிரெய்லரையும் ஒரே வாக்கியத்தில் மோட்டார் வாகனம் என்கிறது. ஆக, இன்ஜினே இல்லாத உங்கள் குட்டி வண்டிக்கும் பதிவு வேண்டும். பதிவு என்றால் விற்பனைச் சான்று, சாலைக்குத் தகுதியான வண்டி என்று தயாரிப்பாளர் தரும் சான்று என்று காகிதங்கள் கேட்பார்கள். எல்லாம் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய படிவங்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து கட்டிய வண்டிக்கு, ‘தயாரிப்பாளர்’ என்ற இடத்தில் யார் கையெழுத்துப் போடுவது? இருக்கிற வண்டியை மாற்றிக் கட்டலாம் என்றாலோ, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரிகளைச் சுற்றி நடப்பதைக் கணக்குப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சட்டத்தின்மேல் கோபப்பட்டும் பயனில்லை. மாடு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடந்தது. அச்சாணி கழன்றால் வண்டி சாயும், அவ்வளவுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் கொக்கி விட்டுப்போனால் பின்னால் வருகிற பைக்காரர் கதி என்ன? சோதனை கட்டாயம் வேண்டும். பிரிட்டனில் தனியாள் கட்டிய ஒற்றை வண்டியைக்கூட நேரில் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுக்கும் முறை இருக்கிறது. அச்சு, பிரேக், கொக்கி, விளக்கு சரியா என்று பார்க்கிறார்கள். யார் கட்டினார்கள் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அப்படி ஒரு சின்ன வாசல் இங்கேயும் இருந்தால் போதும்.

ஏனென்றால், இங்கே பணயம் ஒரு சுற்றுலா வண்டி அல்ல. கோவையின் பெயருக்கும் பணத்துக்கும் காரணம், ஒரு சாமானைப் பார்த்ததும் ‘இதை நாமே செஞ்சா என்ன?’ என்று கேட்ட வீடுகள். மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தன. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கல்லூரியில் கற்பதில்லை. பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கற்கிறார்கள். அன்றைக்குப் பட்டா போட்ட இடத்தில் வரட்டி சுமந்த பையன்தான், பிறகு பட்டறை வைத்தான்.

அடுத்த தடவை வீட்டில் அலமாரியோ பெட்டியோ வேண்டுமென்றால், கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு எட்டுக்கு நாலு பலகை வாங்கிப் போடுங்கள். ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை. ஷெர்மன் கட்டியதும் பார்க்க அழகாக இல்லை!