தாமே எழுதிய வாழ்வும் பிறர் எழுதிய வாழ்வும்



ஒரு தலைவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினால் அது தன்வரலாறு. மற்றொருவர் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு. இவ்விரண்டில் எதை நம்புவது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. காந்தியடிகளின் வாழ்வை எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

காந்தியடிகள் தம் வரலாற்றைக் குஜராத்தி மொழியில் எழுதினார். 'நவஜீவன்' வார இதழில் 1925 முதல் 1929 வரை அது தொடராக வந்தது. தமிழில் அதைச் 'சத்திய சோதனை' என்று அறிவோம்.

பதினைந்து வயதில், அண்ணன் பட்ட கடனை அடைக்க, அவருடைய தங்கக் காப்பிலிருந்தே சிறு துண்டை வெட்டி எடுத்ததை அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். டர்பன் நகரத்து வீட்டில் கஸ்தூரிபாவைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்றதையும் மறைக்கவில்லை. நெஞ்சுக்குள் இருந்த இந்த வெட்கத்தை அவரன்றி வேறு யார் சொல்ல முடியும்? தன்வரலாற்றின் பெருமை இதுதான்.

ஆனால் நினைவு சில வேளை தவறும். கையில் நாட்குறிப்போ ஆவணங்களோ இல்லாமல் எழுதுவதாக அவரே கூறுகிறார். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் மே 22இல் தோன்றியது என்பது அவர் நூலில் உள்ள செய்தி. அக்காலத்து ஆவணங்களோ 1894 ஆகஸ்ட் 22 என்று காட்டுகின்றன. மேலும், அந்நூல் 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரசோடு நின்றுவிடுகிறது. 1930ஆம் ஆண்டின் உப்பு யாத்திரை அதில் இல்லை. 1913இல் நேட்டாலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் செய்த பெரும் வேலைநிறுத்தத்தின் முழுக் கதையை அவர் வேறொரு நூலில் எழுதினார்.

இந்த இடைவெளிகளை நிரப்ப வாழ்க்கை வரலாறு வருகிறது. முதல் நூலை 1909இல் ஜோசப் டோக் என்ற பாதிரியார் வெளியிட்டார். 1908இல் அடிபட்ட காந்தியடிகளைத் தம் வீட்டில் வைத்துப் பேணியவர் அவர். ஆகவே அது நண்பர் எழுதிய நூல், அன்பு மிகுந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி பிஷர் 1950இல் எழுதிய நூல், 1948 ஜனவரி 30இல் நேர்ந்த மரணத்திலிருந்தே தொடங்குகிறது. தம் இறப்பைத் தாமே எழுத எவராலும் ஆகாதல்லவா?

2013இல் இராமச்சந்திர குகா வெளியிட்ட நூல், பிறர் காந்தியடிகளுக்கு எழுதிய கடிதங்களையும் பழைய செய்தித்தாள்களையும் தேடி எழுதப்பட்டது. பலமுறை சிறை சென்ற தமிழ்த் தலைவர் தம்பி நாயுடு போன்ற தோழர்கள் அதில் நன்கு தெரிகிறார்கள். தொடக்க காலத்தில் ஆப்பிரிக்க மக்களைக் காந்தியடிகள் இழிவாக எழுதிய வரிகளையும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பின்னாளில் அவர் கருத்து மாறியது. தலைவரைத் தெய்வமாக்காமல் மனிதராகக் காண இது உதவும்.

இனி நமக்கு நெருங்கிய ஒரு செய்தி. 'சத்திய சோதனை'யில் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி வருகிறார். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அழுதுகொண்டு நின்றார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. காந்தியடிகள் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். மருத்துவரிடம் அனுப்பினார், வழக்காடி, வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

ஆனால் பாலசுந்தரம் பேசிய தமிழ் நமக்குக் கிடைக்கவில்லை. தமிழரான ஓர் எழுத்தர் கேட்டுச் சொன்னதை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் காந்தியடிகள் குஜராத்தியில் எழுதினார். அதுவே மீண்டும் தமிழாகி நம்மிடம் வந்தது. பாலசுந்தரம் எந்த ஊரில் பிறந்தார், யாரை விட்டுவிட்டுக் கப்பலேறினார், பிறகு என்ன ஆனார் என்று அவர் வாயால் கேட்க வழியில்லை.

மலாயாவுக்கும் 1910 வரை இதே ஒப்பந்த முறையில் நம்மவர் வந்தார்கள். கங்காணி முறையில் வந்தவர்களும் பல்லாயிரம் பேர். துரைமார் சிலர் நூல் எழுதிவைத்தார்கள். பெரட்டில் நின்று பேர் கொடுத்தவர்களுக்குக் கிராணியாரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே மிஞ்சியது.

ஆகவே தன்வரலாற்றை உள்ளம் அறியப் படிப்போம். வாழ்க்கை வரலாற்றை உண்மை சரிபார்க்கப் படிப்போம். எந்த நூலானாலும், இதில் பேசாதவர் யார் என்றும் கேட்போம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பிறந்த தோட்டம், வெட்டிய பால்மரம், வாங்கிய சம்பளம் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் செய்யுங்கள். ஆண்டையும் தேதியையும் குறிக்க மறவாதீர்கள்.