சிறு வண்டியும் அதன் சில்லுகளும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். நிலத்தைத் தொட்டு ஓடுவது சில்லு ஒன்றே என்பதை அவர்கள் எண்ணினாரல்லர். எஞ்சின் எத்துணை வலியதாயினும், பிறேக் எத்துணைச் சிறந்ததாயினும், அவற்றின் ஆற்றல் முழுவதும் நான்கு ரயர்கள் நிலத்திற் பதியும் உள்ளங்கையளவான இடங்களின் வழியாகவே செயற்படல் வேண்டும். ஆதலின் சில்லின் அளவை மாற்றுதல் வண்டியின் அணியை மட்டும் மாற்றுதலன்று. அதன் இயல்பையே மாற்றுதலாகும். இதற்கு மினி என்னும் சிறு வண்டியின் நாற்பதாண்டு வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1956 ஆம் ஆண்டிலே சூயஸ் கால்வாய் பற்றிய பூசல் மூண்டது. கால்வாய் அடைபட்டமையால் பிரித்தானியாவிற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாகி, பங்கீட்டு முறையும் வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடும் சிறு வண்டி ஒன்றை ஆக்குமாறு பிரிட்டிஷ் மோட்டார் கூட்டுத்தாபனத்தின் தலைவர் லெனாட் லோட் அலெக் இசிகோனிஸ் என்பவரைப் பணித்தார். இலங்கையின் தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் இவர் வகுத்த வண்டியே. 1948 இல் வெளிவந்த அவ்வண்டிக்கு 14 அங்குலச் சில்லுகள் பூட்டியபோதே, அவை மிகச் சிறியன என்று வியந்தோர் பலர்.

புதிய வண்டியின் நீளம் ஏறத்தாழ 10 அடி. அதனுள் வளர்ந்தோர் நால்வர் அமர வேண்டும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார். ஆயினும் சில்லுகள் பெரியனவாயின், அவற்றை மூடும் கூடுகள் இருக்கைகளின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். எனவே அவர் 10 அங்குலச் சில்லைத் தெரிந்தார். அதற்கேற்ற ரயரை டன்லப் நிறுவனம் புதிதாக ஆக்கிக் கொடுத்தது. 1959 ஆகஸ்ட் 26 ஆம் நாள் ஒஸ்ரின் செவன் என்றும், மொறிஸ் மினி-மைனர் என்றும் இரு பெயர்களோடு அவ்வண்டி வெளிவந்தது.

சிறுமையால் வந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. சிறிய சில்லு ஒரு மைலைக் கடக்கப் பெரிய சில்லிலும் பல முறை கூடுதலாகச் சுழலவேண்டும். பள்ளத்தில் ஆழமாக இறங்கும். யாவற்றினும் மேலாக, சிறிய சில்லினுள்ளே பெரிய பிறேக்கை அடக்குதல் இயலாது. முதல் மினிக்கு வாய்த்தது 7 அங்குல டிறம் பிறேக்கேயாம். வேகம் மிகுந்த மினி கூப்பர் 1961 இல் வந்தபோது, முன் சில்லுகளுக்கு 7 அங்குல டிஸ்க் பிறேக் இடப்பட்டது. 1963 இல் வந்த கூப்பர் எஸ் வண்டியில் அது 7½ அங்குலமாயிற்று. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரே காலோ ஓட்டப்போட்டியில் மினி வென்றது இச்சிறு சில்லுகளோடுதான். ஆயினும் அதனின் மிகப் பெரிய டிஸ்க்குக்கு அந்த றிமினுள்ளே இடமில்லை.

ஆதலின் சில்லு வளர வேண்டியதாயிற்று. 1974 இல் மினி 1275 ஜீ.ரீ. வண்டி 12 அங்குலச் சில்லும் 8.4 அங்குல டிஸ்க்கும் பெற்றது. 1984 இல் மற்றைய மினி வண்டிகளும் அவ்வாறே மாற்றப்பட்டன. சில்லுக் கூடுகளின் விளிம்பும் சிறிது அகலமாக்கப்பட்டது. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சில்லு பெருத்தது அழகின்பொருட்டன்று. விரைந்து ஓடுவதை விரைந்து நிறுத்தும்பொருட்டே பெருத்தது.

இம்மாற்றத்தின் கணக்கைச் சிறுவரும் போட்டறியலாம். ரயரின் பக்கத்தில் 145/70 ஆர் 12 என்று பொறித்திருப்பின், 145 என்பது மில்லிமீற்றரில் அதன் அகலம். 70 என்பது அவ்வகலத்தின் நூற்றுக்கு 70 பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 12 என்பது அங்குலத்தில் றிமின் விட்டம். இரு புறச் சுவர்களையும் றிமின் விட்டத்தையும் கூட்டினால், முழு உயரம் 508 மில்லிமீற்றர் ஆகின்றது. முன்னைய 145 அகலமுள்ள 10 அங்குல ரயரின் உயரம் ஏறத்தாழ 486 மில்லிமீற்றர். வேறுபாடு 22 மில்லிமீற்றரே. ஆயினும் பழைய வண்டியில் இப்புதிய சில்லைப் பூட்டி வேகமானியைத் திருத்தாது விட்டால், மானி 60 மைல் காட்டும்போது வண்டி 62½ மைலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். மானி எண்ணுவது சுழற்சியையேயன்றித் தூரத்தையன்று.

1996 இல் அவ்வண்டிக்கு 13 அங்குலச் சில்லும் விருப்பத் தெரிவாக வந்தது. அதன் ரயர் 175/50 ஆர் 13. கூட்டிப் பார்ப்பின் உயரம் 505 மில்லிமீற்றர். றிம் ஓர் அங்குலம் பெருத்தும் முழு உயரம் பெருகவில்லை. மாறாக 3 மில்லிமீற்றர் குறைந்தது. இதுவே சில்லை மாற்றுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறி: றிம் வளர்ந்தால் பக்கச் சுவர் குறைய வேண்டும். ஆனால் குறைந்த சுவர் காற்றின் மெத்தையையும் குறைத்துவிடுகின்றது. 101 மில்லிமீற்றருக்கு மேல் இருந்த சுவர் 87½ ஆகச் சுருங்கவே, தெருவின் ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுநரின் முதுகெலும்பிற்குச் செய்தி அனுப்பியது. அகன்ற ரயரை மறைக்க மட்காட்டும் அகல வேண்டியதாயிற்று.

தொழிற்சாலை இவ்வாறு ஒன்றை மாற்றும்போது அதனோடியைந்த பலவற்றையும் மாற்றியது. தோற்றத்தை மட்டும் கருதிப் பெருஞ்சில்லு பூட்டுவோர் அதனைச் செய்வதில்லை. விரிந்த ரயர் திரும்புகையிற் கூட்டில் உரசும். பாரம் ஏறிய வேளையில் மட்காட்டில் வெட்டுண்டு, ஓடும்போதே வெடிக்கவுங்கூடும். முழு உயரம் கூடிய சில்லை நிறுத்த, பழைய பிறேக் முன்னையினும் மிகுதியாக உழைக்க வேண்டும். ஒரே அச்சின் இரு புறமும் வேறுபட்ட அளவுகளை இட்டாலோ, நேர் வழியிலும் இரு சில்லுகளும் ஒரே விதமாய்ச் சுழலா. இடையிலுள்ள டிபறன்ஷல் பற்சக்கரங்கள் ஓயாது தேயும். இவற்றின் பயனை அனுபவிப்பவன் வண்டிக்காரன் மட்டுமல்லன். தெருவோரம் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையும் அவ்வண்டியின் பிறேக்கை நம்பியே நடக்கின்றது.

2000 ஆம் ஆண்டில் அப்பழைய மினியின் உற்பத்தி முடிவுற்றது. 10 அங்குலத்தில் தொடங்கியது 13 அங்குலத்தில் நின்றது. மூன்று அங்குலம் வளர நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒவ்வோர் அங்குலத்துக்கும் பிறேக்கும் கூடும் விளிம்பும் கணக்கும் கூடவே வளர்ந்தன. விரலுக்குத் தக்க வீக்கம் என்பர் பெரியோர். அது மனிதருக்குப் போன்றே அவர் ஏறிச் செல்லும் வண்டிக்கும் பொருந்தும்.