நேரம் சமமாவது எப்போது? கால ஒப்பீட்டில் மறைந்திருக்கும் பின்னம்

மதுரையை அடுத்த கப்பலூரில் மூன்று ஷிப்ட் ஓடும் ஆலை ஒன்றை எண்ணிக்கொள்வோம். முதல் ஷிப்ட் காலை 8 மணிக்கு. வருகைப் பதிவு எக்செல் தாளில். சரியாக 8:00:00க்குக் கைரேகை வைத்தவரையும் அந்தத் தாள் 'தாமதம்' என்று குறிக்கக்கூடும். திரையில் இரண்டு நேரமும் ஒன்றாகவே தெரியும். இதைக் கணினியின் பிழை என்பது வழக்கம். மிகச் சிறிய கால அலகு எது என்று தீர்மானிக்காமலேயே ஒப்பிடத் துணிவதுதான் பிழை என்பது என் வாதம்.

எக்செல் நாளை முழு எண்ணாகவும், நேரத்தை அந்நாளின் பின்னமாகவும் வைக்கிறது. காலை 8 மணி நாளில் மூன்றில் ஒரு பங்கு. இரும எண்ணில் அது முடிவுறாத பின்னம். எக்செல் கையாளும் மிதவைப் புள்ளி எண்ணில் 53 இரும இலக்கங்களே உண்டு. 1990 முதல் 2078 வரையான தேதிகளுக்கு நாள் எண்ணே 16 இலக்கங்களை எடுத்துக்கொள்கிறது. பின்னத்துக்கு மிஞ்சுவது 37. அந்த 37க்குள் மூன்றில் ஒரு பங்கு சற்றே மேல்நோக்கி முழுமையாகிறது. ஆகவே தேதியைக் கழித்து, மீதியைத் தனியே எழுதிய 8 மணியோடு ஒப்பிட்டால், மீதி ஒரு நொடியில் ஏறத்தாழ ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு பெரிதாக நிற்கும். தொழிலாளி தாமதமாக வந்ததாகச் சொல்வது அந்த எச்சம்தான்.

அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகிய நம் பின்னங்கள் இரண்டிரண்டாகப் பகுத்து வந்தவை. கணினியில் எச்சமின்றி அமரும். மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவற்றில் ஐந்து கலந்திருப்பதால் அமராது. நாளின் 86,400 நொடிகளில் பிசகின்றிப் பதிவாகக்கூடியவை 128 மட்டுமே, 675 நொடிக்கு ஒன்றாக. நாளை 3,600 விநாழிகைகளாக எண்ணினால் அவற்றில் 16: மாகாணி நாளுக்கு ஒன்று, அதாவது 3 நாழிகை 45 விநாழிகைக்கு ஒன்று. நள்ளிரவு, காலை 6, நண்பகல் மூன்றும் இவற்றுள் அடங்கும். அந்த நேரங்களை மட்டும் இட்டுச் சோதிக்கும் நிரலர் கண்ணில் இக்குறை படவே படாது.

வாக்கியப் பஞ்சாங்க மரபு இங்கே கவனிக்கத்தக்கது. புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு சந்திர கிரகணம் கணித்ததை ஜான் வாரன் தம் 'கால சங்கலித' (1825) நூலில் பதிந்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் அக்கணிப்பு விலகியது. விலகல் சிறிதன்று. ஆனாலும் அவர் பெற்ற இரு நேரங்கள் சமமா இல்லையா என்பதில் ஐயமே எழாது. எல்லாம் முழு எண்கள், சோழிக்கு அடியில் மறைந்த பின்னம் கிடையாது. துல்லியம் வேறு, சமம் வேறு. இன்றைய மென்பொருள் முன்னதில் பன்மடங்கு உயர்ந்தும் பின்னதில் தடுமாறுகிறது.

"ஒரு நொடிக்குள் இருந்தால் சமம்" என்று தளர்த்துவது பலர் கையாளும் பரிகாரம். நான் அதை ஏற்கவில்லை. அ ஆவுக்குச் சமம், ஆ இக்குச் சமம், ஆனால் அ இக்குச் சமமில்லை என்ற நிலை வரும், வரிசைப்படுத்தலே குலையும். நேரம் உள்ளே வரும்போதே ஒரே ஒருமுறை முழு நொடியாக்கி, பிறகு முழு எண்களையே ஒப்பிட வேண்டும். மதுரையின் சூரிய உதயத்தில் திதி எஞ்சியிருக்கிறதா என்று பார்த்து விரத நாளைக் குறிக்கும் பஞ்சாங்க மென்பொருளுக்கும் இது பொருந்தும்: உதயத்தையும் திதி முடிவையும் முதலில் முழு விநாழிகையாக்கி, எந்தப் பக்கம் முழுமையாக்கியது என்பதையும் பஞ்சாங்கத்திலேயே அச்சிட வேண்டும்.