ஆக்சைடு தூள்களின் சிலேன் பதனம்

டைட்டேனியம் டையாக்சைடு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா போன்ற உலோக ஆக்சைடு தூள்கள் இயல்பில் நீரை ஈர்ப்பவை. துகளின் மேற்பரப்பில் நெருங்கிக் கிடக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளே காரணம். காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும் இத்தூள், எண்ணெயிலோ பிளாஸ்டிக்கிலோ கலந்தால் சீராகப் பரவாமல் கட்டிதட்டும். சிலிக்கான் சேர்மமான சிலேனை அந்த மேற்பரப்பில் பிணைத்து, தூளை நீரில் நனையாததாக மாற்றுவது சிலேன் பதனம்.

சிலேன் மூலக்கூறின் ஒரு முனையில் நீருடன் வினைபுரியும் ஆல்காக்சி தொகுதிகள் இருக்கும். மறுமுனையில் நீரை ஒதுக்கும் கரிமச் சங்கிலி. எட்டு கார்பன் சங்கிலி கொண்ட ட்ரைஎத்தாக்சிகாப்ரிலில்சிலேனை சன்ஸ்கிரீன் பொட்டலங்களின் பொருட்பட்டியலிலேயே காணலாம். அதன் எத்தாக்சி தொகுதிகள் நீரால் பகுபட்டு, எத்தனால் பிரிந்து, சிலனால் என்னும் சேர்மம் உண்டாகிறது. சிலனால் முதலில் ஹைட்ரஜன் பிணைப்பால் துகளில் ஒட்டும். சூடேற்றினால் நீர் வெளியேறி, சிலிக்கானும் உலோகமும் ஆக்சிஜன் வழியே உறுதியாகப் பிணையும்.

நீரை விரட்டும் படலம் உருவாகவே கொஞ்சம் நீர் வேண்டியிருப்பது இதன் வேடிக்கை. ஈரம் மிகுந்தாலோ, சிலேன் மூலக்கூறுகள் துகளை விட்டுவிட்டுத் தமக்குள்ளேயே இணைந்து பிசினாகிவிடும். ஆண்டு முழுவதும் காற்று ஈரமாயிருக்கும் மலேசியா போன்ற நாட்டில் தூளின் ஈரத்தை முதலில் அளந்துகொள்ளாமல் இதில் இறங்குவது வீண்செலவு. வறட்டு முறையில், வேகமாகச் சுழலும் கலவை இயந்திரத்தில் தூளின்மேல் சிலேனைத் தெளித்து, சுமார் 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் சூடேற்றுவர். ஆல்கஹால் கரைசலில் தூளைக் கலக்கி, வடிகட்டி உலர்த்துவது ஈரமுறை.

எல்லா ஆக்சைடும் ஒரே மாதிரி இணங்குவதில்லை. டைட்டேனியம் டையாக்சைடு வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால், தன்மேலுள்ள கரிமச் சங்கிலியையே சிதைக்கும். அதனால் முதலில் சிலிக்கா அல்லது அலுமினா உறையிட்டு, அதன்மேல் சிலேன் பூசுவது வழக்கம். துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். நீராற்பகுப்பை விரைவுபடுத்த அமிலம் சேர்க்கும் வழக்கமான உத்தி அங்கே ஆபத்து.

பூச்சைச் சோதிக்க, தூளை நீரின்மேல் தூவுவர். நனையாத தூள் மிதக்கும். ஆனால் இடையே சிக்கிய காற்றாலும் சற்று நேரம் மிதக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பக்கூடாது. நீரில் மெத்தனாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்த விகிதத்தில் தூள் மூழ்குகிறது என்று பார்ப்பதே நம்பகமான அளவீடு.

சுண்ணாம்புக்கல் தூளில் கதை வேறு. கால்சியம் கார்பனேட்டின் மேற்பரப்பு சிலேனுக்குச் சரியாகப் பிடிகொடுப்பதில்லை. விலை மலிவான ஸ்டியரிக் அமிலமே அதற்குப் போதும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் காஹாங் போன்ற ஊர்களைச் சுற்றி விளையும் செம்பனையின் எண்ணெயிலிருந்து அந்த அமிலத்தைப் பிரித்தெடுக்கலாம். பாசிர் கூடாங்கில் இதற்கான எண்ணெய்வேதிப்பொருள் ஆலைகள் இயங்குகின்றன. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் அரைபடும் சுண்ணாம்புக்கல் தூளுக்கும் இத்தகைய கொழுப்பமிலப் பூச்சே ஏற்றது.