அகதி என்னும் சொல்: மன்னார்க் கரையினின்று ஒரு நோக்கு

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப் பகுதியில், மாந்தை மேற்குப் பிரிவில், விடத்தல்தீவுக்கு உட்பக்கமாகக் குளத்தை அண்டி அமைந்த ஊர் பெரியமடு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் இவ்வூர் முஸ்லிம்களும் மாவட்டத்தின் ஏனைய முஸ்லிம்களைப் போலவே தம் வீடு வாசல்களை விட்டு நீங்கினர். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் சென்றடைந்த இடம் புத்தளம். அங்கே அவர்களுக்கு இடப்பட்ட பெயர் 'அகதி'. போர் முடிந்து, இருபதாண்டுகளின் பின் ஒரு பகுதியினர் ஊர் திரும்பத் தொடங்கியபோதும் அப்பெயர் முற்றாக உதிர்ந்துவிடவில்லை. அகராதியில் வசைச்சொல் எனக் குறிக்கப்படாத ஒரு சொல், அரசாங்கப் படிவங்களிலும் செய்தித்தாள்களிலும் நாளும் வழங்கும் ஒரு சொல், கேட்போர் மனத்தைச் சுடுவது எவ்வாறு என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

சொல்லின் பிறப்பு எளியது. 'கதி' என்பது செல்லுமிடம், புகலிடம், முடிவான நிலை எனப் பொருள் விரியும் வடசொல். அதற்கு எதிர்மறை முன்னொட்டுச் சேர 'அகதி' ஆயிற்று. இறைவனை நோக்கி 'நீயே கதி' என்பது பக்தி. அயலானை நோக்கிக் 'கதியற்றவன்' என்பது ஏச்சு. ஒரே வேர் இருவகையிலும் கிளைத்தது. சிங்களத்திலும் முன்னர் இம்மக்களைக் குறிக்க 'அனாத' என்னும் சொல்லே பெரிதும் வழங்கிற்று. அது நம் 'அநாதை'க்கு உறவு. 'சரணாகத' என்னும் மற்றொரு சிங்களச் சொல்லோ புகலடைந்தவன் எனப் பொருள்படும். வந்தடைந்தவன் என்பதற்கும் போக்கிடமற்றவன் என்பதற்கும் உள்ள தொலைவு சிறிதன்று. தமிழ் வழக்கு இரண்டாவதையே தேர்ந்துகொண்டது.

இனிச் சட்டம் கூறுவதை நோக்குவோம். அகதிகள் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவனே அகதி. இவ்விலக்கணத்தை நம்மவரிடம் பொருத்திப் பார்த்தால் விந்தையான முடிவுகள் கிட்டும். புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்தவர் நாட்டெல்லையைத் தாண்டாதவர். எனவே சட்டப்படி அவர் அகதி அல்லர். 1998இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணைக்குழு முன் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் அவரை உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்றே குறிக்கும். தொறொன்ரோவிலோ பாரிசிலோ புகலிடம் கோரி, அகதி எனச் சட்டப்படி ஏற்கப்பட்டவரை நாம் அவ்வாறு அழைப்பதில்லை. 'புலம்பெயர்ந்த தமிழர்' என்கிறோம். 'புலம்பெயர்' என்னும் தொடர் பட்டினப்பாலையிலேயே காணப்படுவது. துறைமுக நகரின் வணிகச் செழிப்பும் கலந்து மணப்பது. நூறு மைலுக்குட்பட்ட தொலைவுக்கு விரட்டப்பட்டவர் அகதி. கடல் பல கடந்து அகதி நிலை பெற்றவரோ புலம்பெயர்ந்தவர்! இங்குச் சொல்லைத் தெரிவது சட்டமும் அன்று, நிகழ்ந்த கொடுமையின் அளவும் அன்று. பெயரிடப்படுபவரின் சமூக நிலையே அதனைத் தெரிகிறது என்பது என் துணிபு.

முந்திய வரலாறும் இதற்குச் சான்றாகும். 1958ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களின்போது கொழும்பிலிருந்து கப்பலேறி வடக்கே சென்ற தமிழர் சில காலம் அகதிகள் எனப்பட்டனர். ஊரும் காணியும் உறவும் உடையோரிடம் அச்சொல் விரைவில் உதிர்ந்தது. 1977இன் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோரிடம் அது அவ்வளவு எளிதில் உதிரவில்லை. அவர்கள்மீது வேறு பெயர்கள் முன்னரே சுமத்தப்பட்டிருந்தன: தோட்டக்காட்டான், வடக்கத்தியான், கள்ளத்தோணி. இவற்றுள் கடைசிச் சொல் இந்தக் கடலோடு நெருங்கிய தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளரை ஆட்சியாளர் தாமே வரவேற்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னரோ, அவ்வழியில் வந்தோரின் பேரப்பிள்ளைகள், இலங்கையிலேயே பிறந்தவராயிருந்தும், கள்ளத்தோணிகள் எனப்பட்டனர். இரகசியமாகக் கடல் கடந்த சிலரைக் குறித்த சொல் ஒரு முழுச் சமூகத்தின் பெயராக நீண்டது.

புத்தளத்தில் நிகழ்ந்ததும் இத்தகைய நீட்சியே. ஆயின் அதனை உள்ளூராரின் கொடுமை என எளிதாகச் சொல்லிவிடுதல் நியாயமன்று. வந்தோரைப் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்க வைத்து, முதல் நாள்களில் உணவும் உடையும் அளித்தவர் அவர்களே. காலப்போக்கில் கூலிவேலை, காணி, தண்ணீர், பாடசாலை இடம், வாக்கு ஆகிய எல்லாவற்றிலும் போட்டி எழுந்தது. இரக்கத்தில் தொடங்கிய சொல் எல்லைக்கோடாயிற்று. அச்சொல்லைத் தாங்கியோராலும் அதனை உதற இயலவில்லை. நிவாரண அட்டையில் அகதியாகப் பதிந்திருந்தாலன்றி உலர் உணவு கிடையாது. அகதி அல்லேன் என்றால் அரிசி இல்லை. அகதி என்றால் மதிப்பு இல்லை. மன்னாரில் நெல்வயலும் தோணியும் உடையவராக இருந்த ஒருவர், மாதந்தோறும் வரிசையில் நின்று தம்மைக் கதியற்றவர் என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இவ்வாறு அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட பெயர் என்பதனாலேயே அச்சொல் அத்துணை ஆழமாகத் தைத்தது என எண்ணுகிறேன். 1990இன் பின் புத்தளத்திற் பிறந்த பிள்ளை எவ்விடத்திலிருந்தும் ஓடி வந்ததன்று. ஆயினும் அப்பிள்ளையும் 'அகதிப் பிள்ளை'யே. பிறப்பால் வந்து சேரும் பெயர் நம் சமூகத்தில் எதனை ஒத்தது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எருக்கலம்பிட்டியார், முசலியார், யாழ்ப்பாணத்துச் சோனக தெருவார் எனத் தத்தம் ஊர்ப்பெயரால் வேறு வேறாக அறியப்பட்டோர், வெளியேற்றத்தின் பின்னரே 'வடபுல முஸ்லிம்கள்' என ஒரு பெயரின் கீழ்த் திரண்டனர். மானிடவியலாளர் சாரிகா திரணகம 2011இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

நாகரிகமான மாற்றுச் சொல்லாக இன்று வழங்குவது 'இடம்பெயர்ந்தோர்'. இதில் வசை இல்லை. ஆயினும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. இடம்பெயர்ந்தவர் தாமே பெயர்ந்தவர். பெயர்த்தவர் எவர் என்னும் வினாவுக்கு அச்சொல்லில் இடமில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்ததை 'இடப்பெயர்வு' என்கிறோம். 1990 ஒக்டோபரையும் அதே சொல்லாற் சுட்டும்போது, கட்டளையிட்டவர் வாக்கியத்திலிருந்து மறைந்து போகின்றனர். வெளியேறுதல், வெளியேற்றுதல் என்பவற்றிடையேயும் இவ்வேறுபாடே உள்ளது. 2011இல் அறிக்கை வெளியிட்ட குடிமக்கள் ஆணைக்குழு, தன் பெயரிலேயே வெளியேற்றம் என்னும் செயலையும் அதனைச் செய்த இயக்கத்தையும் மாதத்தையும் ஆண்டையும் ஒருங்கே பொறித்துக்கொண்டது. பெயர் நீளமானதுதான், ஆனால் அதில் எழுவாய் இருக்கிறது. தனித்தமிழார் வழங்கும் 'ஏதிலி' இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. வடசொல்லின் இழிவைத் தமிழ்ச்சொல்லுக்கு மாற்றியதன்றி அதனால் விளைந்த பயன் யாது?

அக்கரையிலும் பெயர்மாற்றம் நிகழ்ந்தது. மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்த நிலையம். 1983இன் பின் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறியோருக்கு அதுவே அகதி முகாமாயிற்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், இத்தகைய முகாம்கள் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என வழங்கும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க செயல். எனினும் இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்பமிட்ட நாடன்று. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. பலகை மாறியது, உள்ளிருப்போரின் சட்டநிலை அவ்வாறு மாறவில்லை.

பெயர் மாற்றுவதில் நம் நாடும் பின்தங்கியதன்று. 2008இல் போர்முனை மாந்தை மேற்கைக் கடந்தபோது கிழக்கே ஓடிய மக்களுட் பலர் 2009இல் மெனிக் பாம் முட்கம்பி வேலிக்குள் வந்து சேர்ந்தனர். அவ்விடங்கள் 'நலன்புரிக் கிராமங்கள்' எனப்பட்டன. இராமநாதன், அருணாசலம் போன்ற பெரியார்களின் பெயர்களும் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. அதே வேளையில் 2008 ஏப்ரிலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழையவர்', பின் இடம்பெயர்ந்தோர் 'புதியவர்' என நிருவாகம் வகுத்தது. உதவித் திட்டங்கள் புதியவரையே முதலில் நோக்கின. பெரியமடு முஸ்லிம்கள் இவ்வகையிற் பழையவர்.

அவர்கள் தம் ஊருக்கு மீண்டதைக் குறிக்கும் சொல் 'மீள்குடியேற்றம்'. கல்லோயாக் காலந்தொட்டுத் தமிழர் காதில் 'குடியேற்றம்' என்பது அரசு பிறரைக் கொணர்ந்து இருத்துவதையே குறித்து வந்துள்ளது. 'மீள்' என்னும் முன்னொட்டுக்கு அவ்வச்சத்தை அகற்றும் வலு இல்லை. தெற்கே முசலியில், மக்கள் பெரும்பாலும் ஊரில் இல்லாதிருந்த காலத்தில் காடு மூடிய மறிச்சுக்கட்டி, கரடிக்குளி நிலங்களின் பகுதிகள் 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடாக்கப்பட்டன. அங்கு வீடு கட்ட வந்தோர் சில ஆண்டுகளில் வில்பத்துக் காட்டை அழிக்கும் 'சட்டவிரோதக் குடியேற்றக்காரர்' எனச் சிங்கள, ஆங்கில ஊடகங்களில் வருணிக்கப்பட்டனர்.