இறங்கி ஏறும் தண்ணீர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறியபோது என் பையில் ஒரு படம் இருந்தது. ஹாலந்து தேசத்து அச்சுச் சித்திரக்காரர் எஷர் 1961-இல் செய்த 'நீர்வீழ்ச்சி'யின் நகல். வாய்க்கால் தண்ணீர் சரிந்து சரிந்து ஓடுகிறது. கடைசியில் பார்த்தால், புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே வந்து நின்று சக்கரத்தின்மீது கொட்டுகிறது! இப்படி ஓர் அருவி மட்டும் வாய்த்திருந்தால் ராஜபாளையத்து நூல் மில்களுக்கு மின்சாரக் கவலையே இருந்திராது.

எஷர் 1898-இல் பிறந்து 1972-இல் மறைந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு அவருக்கு எட்டிக்காய். ஸ்பெயினில் அல்ஹம்பிரா அரண்மனையின் சுவர் ஓடுகளை 1922-லும் 1936-லும் பார்த்தார். ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்திக் கிடந்த அந்த ஓடுகள் மனிதரை விடவே இல்லை. "இதற்கெல்லாம் சாஸ்திரம் இருக்கிறது" என்று எடுத்துச் சொன்னவர் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியரான அவருடைய தமையனார்.

1954-இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித அறிஞர்கள் மாநாடு கூடியது. அதையொட்டி அங்குள்ள ஸ்டெடெலிக் மியூசியத்தில் எஷரின் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பார்த்து வியந்தவர்களில் ரோஜர் பென்ரோஸ் என்ற இளைஞரும் ஒருவர். (2020-இல் நோபல் பரிசு பெற்றாரே, அவர்தான்.) ஊர் திரும்பியவர் ஒரு முக்கோணம் வரைந்தார். ஒவ்வொரு மூலையும் தனித்தனியே சரி. ஆனால் மூன்றையும் மரத்தில் இணைக்க எந்தத் தச்சனாலும் ஆகாது. தகப்பனாரும் மகனுமாக 1958-இல் அதைக் கட்டுரையாக்கி எஷருக்கும் அனுப்பினார்கள். எஷரின் ஓயாத மாடிப்படியும் இந்த அருவியும் அதிலிருந்து பிறந்தவை. கணக்கில் தோற்ற பையன் கணக்கு வாத்தியார்களுக்குப் பாடம் சொன்னான். பதிலுக்குப் பாடம் கேட்டும் கொண்டான்.

நம்மவர்களுக்கும் இந்தக் குறும்பு உண்டு. தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டுக் கோயிலில், யானைக்கும் காளைக்கும் ஒரே தலை. ஓர் உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. சிற்பியின் பெயர்தான் நமக்குத் தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை படத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்காலின்மேல் விரலை ஓட்டினாள். அத்தைக்கும் கணக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதே அதனால்தான். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால், ஏழு புள்ளி ஊடு புள்ளி வைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற ஒற்றை இழைச் சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் போடுவாள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1974-இல் கோலத்துக்குக் கணித இலக்கணம் கண்டு கட்டுரை வெளியிட்டார்கள் என்று சொன்னேன். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்தத் தூண் கிட்ட ஏமாத்தியிருக்கான் பாருடா" என்றாள். விரல் சரியான இடத்தில் நின்றிருந்தது. எனக்கு அது பிடிபட இரண்டு நாள் ஆயிற்று.

மறுநாள் காலை வாசலுக்குப் போனேன். கோலத்தின் பாதியைப் பால்காரரின் சைக்கிள் கலைத்திருந்தது.