மடக்கெழுத்தாணி

எழுதுகோலும் கத்தியும் ஒரே உடம்பில் அமைந்த கருவி ஒன்று நம் நாட்டில் வழங்கியது. மடக்கெழுத்தாணி என்பது அதன் பெயர். நடுவில் ஒரு பிடி; பிடியின் ஒரு தலையில் கத்தி; மறு தலையில் எழுத்தாணி. இரண்டையும் மடக்கினால் பிடிக்குள்ளேயே அடங்கிவிடும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறவரைக் கண்டால், ‘இவர் எழுத்தறிந்தவர்’ என்று ஊரார் உணர்ந்துகொள்வார்கள்.

என்னிடம் அத்தகைய கருவி ஒன்று இருக்கிறது. செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கர்ணம் வேலை பார்த்த என் பாட்டனார் வழியாக வந்தது. சாதாரண மடக்கெழுத்தாணியைவிட மிகப் பெரியது. மடக்கிய நிலையில் 8 அங்குலம். கத்தி 6 அங்குலம். எழுத்தாணி 6 அங்குலம். இரு முனைகளையும் விரித்துவிட்டால் 20 அங்குலம் நீள்கிறது. பிடி மான்கொம்பினால் ஆனது. இருபுறமும் பித்தளைப் பூண் கட்டியிருக்கிறது. நான் சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே நிற்கும். ஆகையால் துணிப்பையில் வைத்து எடுத்துச் செல்கிறேன். பள்ளிகளில் பேச அழைத்தால் அதைத்தான் முதலில் மேசைமேல் வைப்பது வழக்கம். பிள்ளைகள் அதன்பின் என்னைப் பார்ப்பதில்லை, அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எழுதுகிறவனுக்குக் கத்தி எதற்கு என்று இன்று கேட்கத் தோன்றும். ஏட்டில் எழுதுவதற்கு முன்னால் ஏட்டை உண்டாக்க வேண்டும். இளங்குருத்தாகவும் இல்லாமல், முற்றியதாகவும் இல்லாமல் பதமான பனையோலையைத் தேர்ந்தெடுத்து, நடுவிலுள்ள ஈர்க்கைக் களைந்து, இருபுறமும் ஒரே அளவாக நறுக்க வேண்டும். இதற்கு ஓலை வாருதல் என்று பெயர். பிறகு வேகவைத்து உலர்த்தி, மெருகேற்றி, கயிறு கோப்பதற்குத் துளையிட வேண்டும். வாருவதற்குக் கத்தி, துளையிடுவதற்கும் எழுதுவதற்கும் எழுத்தாணி. எழுதும்போது ஏட்டை இடக்கையில் பிடித்துக்கொள்வார்கள். இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் எழுத்தாணியின் முனையைத் தாங்கி எழுதியவர்கள் உண்டு. கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால் எழுத்தில் மட்டும் கருமை நின்றுவிடும்.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்துக் கல்விமுறையைப் பற்றி எழுதுகையில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகளைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கக் கூடிய கையும் கருவியும் அக்காலத்தில் இருந்தன.

ஐரோப்பாவிலும் எழுத்துக்கும் மடக்குக் கத்திக்கும் உறவு உண்டு. அங்கே பறவை இறகினால் எழுதினார்கள். இறகின் முனை தேய்ந்தவுடன் சீவ வேண்டும். அதற்கு வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. எஃகுப் பேனா வந்து இறகு மறைந்தது. கத்தியின் பெயர் மட்டும் மாறவில்லை. கத்தி செய்வதில் பெயர்பெற்ற இங்கிலாந்து நகரமான ஷெபீல்டில் ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியார் 1851-ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட ஒரு மடக்குக் கத்தியைச் செய்துவைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு எவரும் நடமாட முடியாது. அது வேலைக்காகச் செய்ததன்று. திறமையைக் காட்டச் செய்தது. நம் மடக்கெழுத்தாணி எவ்வளவு பெரிதானாலும் வேலைக்குரியது. அங்கே கத்தி எழுதுகோலுக்குப் பணிசெய்தது. இங்கே கத்தியும் எழுதுகோலும் உடன்பிறந்தவை.

இக்கருவி எத்தனை கைகளில் இருந்திருக்கும்? சென்னை கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 12,498 பள்ளிகள் இருந்தன; அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதிப் பழகியபின் பிள்ளை ஏட்டுக்கு வருவான். ஆசிரியர் எழுத்தாணியால் ஏட்டில் எழுதிக் கொடுப்பார். அந்நாளில் ஓலை வாரத் தெரியாத ஆசிரியர் இருந்திருக்க முடியாது. நானும் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். கரும்பலகையில் நேர்கோட்டில் எழுதவும், சாக்கட்டியை ஓசைப்படாமல் பிடிக்கவும் பயின்றோம். கத்தி பிடிக்க எங்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் குடியிருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, கருவிகளால் பெயர்பெற்ற ஊர். 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கூவம் நதி வளைந்தோடும் இவ்விடத்தில், சுங்குராமச் செட்டியாருடைய தோட்டமாயிருந்த நிலத்தில், நெசவாளர்களைக் குடியேற்றினார். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறியின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தறி போய்விட்டது, பெயர் நிற்கிறது. எழுத்தாணி போன கதையிலும் இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1847-இல் இங்கே சீயோன் ஆலயத்தை எழுப்பியது அமெரிக்க மிஷன். அதே மிஷனைச் சேர்ந்த மிரோன் வின்ஸ்லோ பாதிரியார் 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862-இல் வெளியிட்டார். சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் அதை அச்சிட்டார். அவ்வளவு பெரிய நூலை ஏட்டில் எழுதி ஒரு பிரதி எடுப்பதற்கே ஒருவருக்கு வாழ்நாளில் பெரும்பகுதி போய்விடும். 1835-இல் இந்தியர்களும் தடையின்றி அச்சுக்கூடம் வைக்கலாம் என்று ஆனபிறகு, புலவர்களும் அச்சை நாடினார்கள். கிராமக் கணக்குகளும் மெல்ல மெல்ல ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறின. காகிதத்தை வார வேண்டியதில்லை. கத்திக்கு வேலை போயிற்று. பாட்டனார் காலத்தில் அது பென்சில் சீவவும் பாக்கு நறுக்கவும் பயன்பட்டது.

ஆனாலும் அவர் அதை இடுப்பிலிருந்து எடுத்ததில்லை. காரணம் எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. ஊரிலே அந்தக் கத்தியைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. மறுமுனைக்குத்தான் அஞ்சினார்கள். கர்ணம் எழுதியதே கணக்கு. இன்னாருடைய நிலம் இவ்வளவு, இன்னார் கட்டவேண்டிய வரி இவ்வளவு என்று அவர் எழுதியதைப் படித்துப் பார்க்கவும் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஒரு கீறலில் வரப்பு நகர்ந்த ஊர்கள் உண்டு. அந்த அதிகாரமும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. 1980 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை ஏற்றது. கிராம நிருவாக அலுவலர்கள் தேர்வு எழுதி வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அன்று வருத்தம் இருந்தது. நான் அது நியாயம் என்றே அன்றும் சொன்னேன்; இன்றும் சொல்கிறேன். எழுத்து எல்லாருக்கும் பொதுவான பிறகு எழுத்தாணி ஒரு வீட்டுச் சொத்தாக இருப்பதற்கு என்ன உரிமை?

அரசாங்கங்களுக்கும் இவ்விரு முனைகளைப் பற்றிய அச்சம் இருந்தது. 1878-ஆம் ஆண்டில் வைசிராய் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களை இயற்றினார். ஒன்று, சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்குவது. ஆங்கிலப் பத்திரிகைகளை அது தொடவில்லை. மற்றொன்று ஆயுதச் சட்டம். அதிலும் ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தார்கள். எழுதுகிற கையையும் ஆயுதம் ஏந்துகிற கையையும் ஒரே ஆண்டில் கட்டிவிட்டார். பத்திரிகைச் சட்டம் சென்னை மாகாணத்தை உட்படுத்தவில்லை; நமக்கு அது ஒரு சிறு ஆறுதல். ரிப்பன் பிரபு காலத்தில் 1882-இல் அது நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டமோ அசையவில்லை. 1930-இல் காந்தியடிகள் இர்வின் பிரபுவுக்கு முன்வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையைப் போதித்தவர் அதைக் கேட்டார் என்பதை மாணவர்கள் நம்பமாட்டார்கள். தனக்கு ஆயுதம் வேண்டும் என்பதன்று, ஒரு மக்களினத்தையே நம்பத்தகாதவர்களாக நடத்தக்கூடாது என்பதே அவர் கருத்து என்று நான் கொள்கிறேன்.

சுதந்தர இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் செய்தது. 1962 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் கத்திக்கு ஓர் அளவு வைத்தன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலும், 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலும் அது ஆயுத வகையில் சேரும். ஆனால் வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகள் அதில் சேரமாட்டா. எனக்கு இந்தப் பிற்பகுதிதான் பிடித்திருக்கிறது. அளவு மட்டும் பேசினால் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஒருவரும் வஞ்சிரம் நறுக்க முடியாது. சீக்கியர் கிர்பான் அணிவதை நம் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவே சமயவுரிமையாக ஏற்றிருக்கிறது. கத்தியை அதன் நீளத்தால் மட்டும் அறியாமல், எதற்காக ஏந்தப்படுகிறது என்பதாலும் அறிய வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் இருக்கிறது. வடக்கே ராம்பூர் மடக்குக் கத்தியின் கதை வேறுவிதமாயிற்று. நல்ல கைவினைப் பொருளான அது, இந்தித் திரைப்படங்களில் ரவுடியின் கைக்குப் போய், அந்தப் பெயரையே சுமந்துகொண்டது. மடக்கெழுத்தாணிக்குச் சினிமாவில் இடம் கிடைக்காதது நல்லதாயிற்று.

சட்டம் தெளிவாக இருந்தாலும், வாயிலில் நிற்கும் காவலருக்கு அது தெளிவாக இருக்க வேண்டுமே! சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டிடத்தில் பையைச் சோதித்த இளைஞர் என் கருவியை எடுத்து, கத்தியை விரித்து, முகம் மாறினார். “இவ்வளவு பெரிய கத்தி எதுக்கு சார்?” என்று கேட்டார். ஓலை வாருவதற்கு என்றேன். அவர் தம் விரல்களால் அலகை அளந்து பார்த்தார். மேலதிகாரியை அழைத்தார். அவரும் அளந்தார். மறுமுனையை நானே விரித்துக் காட்டினேன். “இது என்ன சார், கம்பியா?” என்றார். எழுத்தாணி என்றேன். அந்தச் சொல்லைத் தம் பள்ளிப் புத்தகத்தில் படித்ததாகவும், பொருளைக் கண்டதில்லை என்றும் சொன்னார் அந்த இளைஞர். அவருடைய கையில் அதைக் கொடுத்து, இடக்கைக் கட்டைவிரலை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழக்கும்வரையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.